திறக்காத எஞ்சின்

அத்தியாயம் 6

நாலு துண்டாக உடைந்த பிஸ்டனைச் செய்தித்தாளின் மேல் பரப்பி வைத்துவிட்டு, பிணத்தை அடையாளம் காட்டக் கூப்பிட்ட ஆள் மாதிரி ஓரமாக நின்றுகொண்டார் குரிஹாரா.

இசாகி மிட்சுயே ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தேழு வயது. துப்பறிய வருவதற்கு முன் ஒரு கார் கம்பெனியின் எஞ்சின் பூட்டும் வரிசையில் பத்தொன்பது வருடம் நின்றவள். அந்த இரைச்சல் அவளுடைய இடது காதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இரும்பைப் பற்றிய புத்தியைக் கொடுத்து அனுப்பியது. அதனால் உதவியாளன் நெல்சன் ஹிகா எப்போதும் அவளுக்கு வலதுபக்கமே நிற்பான். சாவோ பாவ்லோவில் பிறந்து, தாத்தாவின் நாட்டுக்குக் கூலி வேலைக்கு வந்தவன். இரண்டு மொழியிலும் வாய் அடங்காது.

"வளையம் உட்கார்ற இடத்துல ஒடஞ்சிருக்கு," என்றாள் இசாகி. "உள்ள நெருப்பு நேரந்தவறி வெடிச்சிருக்கு. திரும்பத் திரும்ப."

"போலீஸும் அதைத்தான் சொல்றாங்க. அவங்க அதுக்கு வெச்ச பேரு குரிஹாராவோட அலட்சியம்," என்றார் குரிஹாரா.

விஷயம் இதுதான். ஜனவரி பத்தொன்பதாம் தேதி, நெகிஷி என்ற இருபத்திநாலு வயதுப் பையனின் ரெய்ஜின் கார் நெடுஞ்சாலையில் எஞ்சின் வெடித்து, தன் எண்ணெயிலேயே தான் வழுக்கிச் சுவரில் மோதியது. இடுப்பு எலும்பு மூன்று இடத்தில் முறிவு. நடப்பானா என்று டாக்டர்கள் வாய் திறக்கவில்லை. அந்தக் காருக்குச் சக்தி கூட்டிக் கொடுத்தது குரிஹாரா ஆட்டோ என்ற அவருடைய கடை. இன்று மாலை நாலு மணிக்கு ஸ்டேஷனில் வாக்குமூலம். தன் வேலையில் குறை இல்லை என்று அதற்குள் காட்ட முடியாவிட்டால், கடையை மூடிவிட்டு அவர் ஜெயிலுக்குத் தயாராக வேண்டியதுதான். இப்போது காலை ஒன்பது.

"நீங்க என்ன பண்ணீங்க, அதைச் சொல்லுங்க."

"புத்தகத்துல இருந்ததைப் பண்ணேன்." குரிஹாரா ஒரு பழைய மாத இதழை எடுத்துப் போட்டார். 'கசோகு', தொண்ணூற்றாறு மார்ச். பக்கம் கை பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது.

*மூன்று டர்போ, ஒரே செலவு: எது எளிதில் ஏறும்?*

நெல்சன் எட்டிப் பார்த்தான். "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கிற மாதிரி நட்சத்திரம் எல்லாம் போட்டிருக்காங்க அக்கா."

மூன்று வண்டி. மூன்றுக்கும் புகைக்குழாயும் காற்று வடிகட்டியும் மாற்றி, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் சிப்பைத் திருத்தி, டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை ஏற்றியிருந்தார்கள். எஞ்சினைத் திறக்கக் கூடாது என்பது விதி. உருளை மேடையில் ஓடவிட்டு, எத்தனை குதிரைச்சக்தி கூடியது என்று எண்ணினார்கள். ஆறு சிலிண்டர் டோனே கனத்த இரும்பு, நூறு குதிரை ஏற்றினாலும் ஏன் என்று கேட்கவில்லை, ஆனால் விலை எட்டாது. ரோட்டரி எஞ்சின் கிட்சுனே சுகமாக ஏறியது. ஒரு தப்பு செய்தால் மன்னிக்காது என்று எழுதியிருந்தார்கள். நாலு சிலிண்டர் ரெய்ஜின்தான் எல்லோர் வாயையும் அடைத்தது. இருநூற்றைம்பதில் கிளம்பி முந்நூற்று எண்பது. அழுத்தம் ஒன்று புள்ளி மூன்று. மூன்று நாள் விடாமல் மிதித்தும் ஒரு முனகல் இல்லை. எளிமைக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.

"இது வந்ததுக்கு அப்புறம் முப்பத்தேழு ரெய்ஜின் இந்த வாசல்ல வந்து நின்னுச்சு," என்றார் குரிஹாரா. "முப்பத்தேழுக்கும் இதே வேலைதான். சொல்லப்போனா நாங்க இன்னும் ஜாக்கிரதை. புத்தகத்துல ஒண்ணு புள்ளி மூணு. நாங்க ஒண்ணு புள்ளி ஒண்ணுதான் வெச்சோம்."

"யாரு குறைக்கச் சொன்னது?"

"ஹோஷினா. கொஞ்சம் கையிருப்பு இருக்கட்டும்பான். எஞ்சினுக்கு உள்ள இருக்கிறதெல்லாம் அவன் கை. சிப், வயரிங், வாடிக்கையாளர், கடன்காரன் எல்லாம் நான்."

ஹோஷினா தேநீரோடு வந்தான். குட்டையான, கழுத்தே இல்லாத மனிதன். இருவரும் ஒரே வார்ப்படச்சாலையில் கொதிக்கும் இரும்பு சுமந்து, ஒரே அறையில் படுத்து, பதினோரு வருடத்துக்கு முன் சேர்ந்து இந்தக் கடையைப் போட்டவர்கள்.

"குரி ஒண்ணும் தப்புப் பண்ணல," என்றான் இசாகியிடம். கோப்பையை அவள் முன்னால் வைத்தான். "எப்படியாவது வெளியே கொண்டுவந்துருங்க."

"பாக்கறேன். எனக்கு ஒண்ணுதான் புரியல. புத்தகத்து ரெய்ஜின் ஒண்ணு புள்ளி மூணுல மூணு நாள் மிதி வாங்கியிருக்கு. நெகிஷியோடது ஒண்ணு புள்ளி ஒண்ணுலயே மூணு மாசத்துல செத்துருச்சு. ரெண்டும் ஒரே வரிசையில ஒரே மாதிரி பூட்டின எஞ்சின்."

"அதிர்ஷ்டம்," என்றார் குரிஹாரா.

"பத்தொன்பது வருஷம் பிஸ்டன் சொருகியிருக்கேன். அதிர்ஷ்டத்தை எந்தத் துவாரத்துல சொருகணும்னு யாரும் காட்டித் தரல." இசாகி எழுந்தாள். "புத்தகத்து வண்டி எங்க இருக்கு?"

*

'கசோகு' நிருபர் எபிஹாரா தொலைபேசியில் அகப்பட்டான். குரலிலேயே அவசரம்.

"அது வாசகர் வண்டிங்க. இமாய்னு ஒருத்தர் குடுத்தாரு. எஞ்சின் திறக்கலைன்னு கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தாரு."

"நீங்க திறந்து பாத்தீங்களா?"

"திறந்து பாத்தா அப்புறம் அது எப்படிங்க திறக்காத எஞ்சின் ஆகும்?"

இசாகி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "இப்ப எங்க இருக்கு?"

"போன அக்டோபர்ல பின்னாடி லாரி இடிச்சு நொறுங்கிருச்சு. எஞ்சின் மட்டும் ததெபயாஷில தனுமா உடைப்புக் கடையில கெடக்கு. 'கசோகு புகழ் ரெய்ஜின் எஞ்சின், திறக்காதது'ன்னு எங்க இதழ்லயே விளம்பரம் குடுத்திருக்காங்க. நியூசிலாந்துக்காரன் வாங்கிட்டானாம். இன்னிக்கு ஒரு மணிக்கு லாரி ஏறுது. எஞ்சின் நம்பர் வேணும்னா ஃபேக்ஸ் பண்றேன்."

ஃபேக்ஸ் வந்தது. வேன் கிளம்பியது. அறுநூற்று அறுபது சிசி, வெள்ளை, எதிர்க்காற்று அடித்தால் நிற்கவா போகவா என்று யோசிக்கும். பிப்ரவரியில் அகாகி மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று வயல் மண்ணை எல்லாம் சாலைக்குக் கொண்டுவந்திருந்தது.

"மிதிடா."

"மிதிச்சு அஞ்சு நிமிஷமாச்சு அக்கா. இதுக்கு டர்போ வேணும்னா நான் இறங்கிப் பின்னாலேர்ந்து ஊதணும்." நெல்சன் ஒரு கையால் கோழி வைத்துப் பொரித்த பிரேசில் உருண்டையைக் கடித்தான். "ஒரு சந்தேகம். இவ்வளவு ஆசைப்படற பசங்க, முதல்லயே சக்தியான வண்டியா வாங்க வேண்டியதுதானே?"

"அதுக்குக் காசு வேணும். ஷிஃப்டு வேலை பாக்கிற பையனுக்குப் பழைய ரெய்ஜின்தான் கிடைக்கும். அதையே புலியாக்கலாம்னு ஒரு புத்தகம் நட்சத்திரம் போட்டுச் சொன்னா நம்புவான். நீ நம்ப மாட்டியா?"

"நான் ஜப்பான்ல மூணு வருஷத்துல வீடு கட்டலாம்னு சொன்ன புரோக்கரையே நம்பினவன் அக்கா."

*

தனுமாவின் உடைப்புக் கடையில் நொறுங்கிய கார்கள் மூன்றடுக்காக நின்றன. தனுமா அறுபது வயதுக்காரி. ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் கொம்பில் மரப்பலகை, பலகையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய எஞ்சின். நம்பர் ஃபேக்ஸோடு ஒத்துப்போயிற்று. மணி பன்னிரண்டு பத்து.

"டேப்பட் கவரை மட்டும் கழட்டிப் பாத்துட்டு மூடிடறேன்," என்றாள் இசாகி.

"ஆசையைப் பாரு. திறக்காததுன்னு சொல்லித்தான் வித்திருக்கேன்."

"திறந்ததைத் திறக்காததுன்னு அனுப்பினா அவன் சும்மா இருப்பானா? நியூசிலாந்துலேர்ந்து திருப்பி அனுப்புவான். கப்பல் கூலி யாரு தலையில?"

தனுமா புகையை விட்டாள். எஞ்சினைப் பார்த்தாள். இசாகியின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் வருடக்கணக்கான கறுப்பு இன்னும் போகவில்லை. அந்தக் கறுப்பு எந்தத் தொழிலில் ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

"பத்து நிமிஷம்," என்றாள்.

நெல்சன் முதலில் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினான். இசாகி அந்தத் துளைக்குள், நுனியில் விளக்கு வைத்த நீளமான பார்வைக் குழாயை இறக்கினாள்.

"வயித்துல என்ன டாக்டர், புண்ணா?"

"வயிறே வேற." குழாயை அவனிடம் கொடுத்தாள். "பாரு. மேல பள்ளம் வெட்டியிருக்கா? கடைசல் கோடு தெரியுதா? எங்க வரிசையில சொருகினது வார்த்த பிஸ்டன். இது அடிச்சுச் செஞ்சது. பந்தயக் காருக்குப் போடறது. வார்த்தது கண்ணாடி மாதிரி, ஒரு அளவுக்கு மேல தட்டினா ஒடஞ்சிரும். இது ஒடையாது."

"அப்ப அஞ்சு நட்சத்திரம் ரெய்ஜினுக்கு இல்ல. இந்தப் பிஸ்டனுக்கு."

"ஆமா. முப்பத்தேழு பேரும் வாங்கினது இதோட பேரை. இதை இல்ல."

எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் கழன்றது. எண்ணெய் படிந்த இரும்புக்கு நடுவே பத்து ஹெட் போல்ட்; பிஸ்டனை மாற்ற இவற்றைக் கழற்றியாக வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் வெளிர்பச்சைப் பெயின்டில் ஒரு நீளக்கோடு. அதை ஒட்டி ஒரு குட்டைக்கோடு. பத்திலும் அதே சாய்வு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நெல்சன் சிரித்துவிட்டான். "அக்கா, திருட்டுத்தனமாத் திறந்தவன் பத்து டிக் அடிச்சுட்டுப் போயிருக்கான். மார்க்கும் போட்டிருக்கலாம்."

இசாகி சிரிக்கவில்லை. "கம்பெனியில மெஷின் பத்தையும் ஒரே நேரத்துல இறுக்கும். கோடு போடாது. இது கையால இறுக்கினவன் போட்டது. இறுக்கின போல்ட்டுக்கு ஒரு கோடு, ஆற வெச்சு மறுபடி சரிபாத்தா இன்னொரு கோடு. முதல் நாள்லேர்ந்து அப்படிப் பழக்கிருவாங்க. கோடு போடாத போல்ட் இறுக்காத போல்ட். இதை மட்டும் யாரும் பாக்கப்போறதில்லைன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் கை கேக்கல. செஞ்சது பொய் வேலை. அதையும் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான்."

"எல்லாரும் வெள்ளைதானே போடுவாங்க?"

"அதான் யோசிக்கறேன்."

பின்னாலிருந்து தனுமா ஃபோர்க்லிஃப்டை அணைக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"சனியன். திறந்துதான் இருக்கு." சிகரெட்டை நசுக்கினாள். "இது யாரு கைன்னு கேக்கறியா? இந்த மாவட்டத்துச் செத்த எஞ்சின் எல்லாம் கடைசியா என்கிட்டதான் வரும். வா இப்படி."

தகரக் கொட்டகைக்குள் மூன்றாவது அலமாரியில் மேல்மூடி இல்லாமல், தூசி படிந்த ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சின். தனுமா கந்தலால் ஒரு துடை துடைத்தாள். வெளிர்பச்சை. ஒரு நீளம், ஒரு குட்டை. அதே சாய்வு.

"வெள்ளை எண்ணெயில மஞ்சளாயிரும்னு இந்த நிறத்தைத் தேடிப் பிடிச்சு வாங்கற ஒரே கடை இதுதான்," என்றாள் தனுமா. "குரிஹாரா ஆட்டோ."

நெல்சன் பொலராய்டு கேமராவை எடுத்துவர வேனுக்குப் போனான்.

*

திரும்பும் வழியில் ஆஷிகாகா ஊரைத் தாண்டியதும் நெல்சன் கேட்டான்.

"நம்மளைக் கூப்பிட்ட ஆளேவா அக்கா?"

"எஞ்சினுக்கு உள்ள யாரு கைன்னு அவரே காலையில சொன்னாரே."

"ஹோஷினா." நெல்சன் ஸ்டீயரிங்கைத் தட்டினான். "இருந்தாலும் குரிஹாராவுக்குத் தெரியாம நடந்திருக்குமா?"

"தெரிஞ்சிருந்தா புத்தகத்து வண்டியைத் தேட என்னை அனுப்புவாரா? அதை விடு. ஒண்ணு புள்ளி ஒண்ணு. அதை யோசி. புத்தகத்தை நம்பறவன் புத்தகத்துல இருக்கிறதை அப்படியே வைப்பான். முப்பத்தேழு வண்டிக்கும் அழுத்தத்தைக் குறைச்சவன் எவனோ, அவனுக்குப் புத்தகம் பொய்னு தெரியும்."

"குரிஹாரா அதைப் பெருமையா சொன்னாரு."

"அதுதான் வயித்தெரிச்சல்," என்றாள் இசாகி.

*

மணி இரண்டு இருபது. குரிஹாரா ஸ்டேஷனுக்குப் போக இருந்த ஒரே கோட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஹோஷினா ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது.

இசாகி பொலராய்டு படங்களை மேசைமேல் வைத்தாள். பத்து போல்ட். பத்து ஜோடிக் கோடு.

"புத்தகத்து ரெய்ஜினோட உள்பக்கம்," என்றாள். "பந்தயப் பிஸ்டன் போட்டிருக்கு. மத்ததை நீங்களே படிச்சுக்கலாம்."

குரிஹாரா படங்களை நிறைய நேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"யாரோ இவனை மாட்டிவிடப் பாக்கறாங்க. பச்சைப் பெயின்டு கடையில கிடைக்காதா?"

"கிடைக்கும். அந்தச் சாய்வு கிடைக்காது."

"இசாகி சான்." குரல் ஏறியது. "உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறது நான். இவன் யாருன்னு தெரியுமா? வார்ப்படச்சாலையில சட்டி கவிழ்ந்தப்ப என்னைப் பிடிச்சு இழுத்துப் போட்டவன். இவன் முதுகைப் பாத்தீங்கன்னா இப்படிப் பேச மாட்டீங்க. இவன் என்னை ஏமாத்தணும்னா பதினோரு வருஷம் காத்திருக்கணுமா?"

ஹோஷினா அடியிலிருந்து வெளியே வந்தான். எழவில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுடா, நீ இல்லைன்னு."

ஹோஷினா துணியில் கை துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கையை.

"சரி, அவன் பேச மாட்டான். எப்பவும் அப்படித்தான். நான் காட்டறேன்." குரிஹாரா கோட்டை வீசிவிட்டு முற்றத்துக்கு நடந்தார். அங்கே கறுப்பு ரெய்ஜின் ஒன்று நின்றது. "இது என் வண்டி. போன வருஷம் மே மாசத்துலேர்ந்து ஓட்டறேன். இதுக்கு ஒண்ணு புள்ளி மூணு. புத்தகத்துல இருக்கிற மாதிரியே. உள்ள ஒரு ஆணியை மாத்தல. தினமும் மிதிக்கறேன். வர்ற ஒவ்வொருத்தனையும் இதுலதான் உக்கார வெச்சு ஒரு சுத்து சுத்திக் காட்டுவேன். நெகிஷியையும் உக்கார வெச்சேன். 'நானே ஓட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆகல, உனக்கு என்னடா பயம்?'னேன். புத்தகம் பொய்னா இது எப்படி ஓடுது?"

"யாரு பூட்டிக் குடுத்தது?" என்றாள் இசாகி.

"அவன்தான். வேற யாரு?"

"டேப்பட் கவரைத் திறந்திருக்கீங்களா?"

"எதுக்குத் திறக்கணும்? ஹோஷினா செஞ்ச வேலையை எவனாவது திறந்து பாப்பானா?"

"இப்பத் திறங்க."

"திறக்கறேன். திறந்துட்டு நீங்க இவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறீங்க. குனிஞ்சு."

அவர் பானட்டைத் தூக்கினார். ஸ்பேனரைப் பெட்டியில் பார்க்காமலே எடுத்தார். முதல் போல்ட். இரண்டாவது. மூன்றாவது போல்ட்டில் ஹோஷினா எழுந்து வந்துவிட்டான்.

"குரி. திறக்காத."

ஸ்பேனர் நின்றது. குரிஹாரா திரும்பவில்லை.  பிறகு நாலாவது போல்ட்டைக் கழற்றினார். ஐந்தாவது. வேலை செய்கிறவனுக்கு உள்ள அதே நிதானத்தோடு, கழற்றிய போல்ட்டை எல்லாம் வரிசையாக வைத்தார். கவரைத் தூக்கினார்.

வெளிர்பச்சை. ஒரு நீளம், ஒரு குட்டை. பத்திலும்.

காற்று முற்றத்துத் தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எப்போ?" என்றார் குரிஹாரா.

"வாங்கின மறுவாரம். மே மாச விடுமுறையில நீ நீகாதாவுக்கு மாமியார் வீட்டுக்குப் போனப்ப."

"புத்தகத்து வண்டி?"

"அதுக்கு முந்தி. புத்தாண்டு லீவுல." ஹோஷினாவின் குரல் தரையைப் பார்த்து வந்தது. "இமாய் என் மச்சினன். அந்த வருஷம் நமக்கு வேலையே இல்ல குரி. ஆறு சிலிண்டர்காரன் எல்லாம் டோக்கியோ கடைக்குப் போயிட்டான். உன் பொண்டாட்டி உன்னைத் திரும்ப பேக்டரிக்குப் போகச் சொல்லிக்கிட்டிருந்தா. நமக்குத் தெரிஞ்ச வண்டி ரெய்ஜின் ஒண்ணுதான். அது ஜெயிச்சா நம்ம வாசல்ல ஆள் வரும்னு நெனச்சேன். வந்துச்சு."

"அப்புறம் சொல்லியிருக்கலாமே. முதல் வண்டி வந்தப்பவே."

"பிஸ்டன் போடணும்னு சொன்னா, புத்தகத்துல போடலையேம்பான். விலையைக் கேட்டா ஓடிருவான். அழுத்தத்தைக் குறைச்சா தாங்கும்னு கணக்குப் போட்டேன். முப்பத்தாறு தாங்கிச்சு."

"இதுக்கு ஏன் போட்டே?" குரிஹாரா கையால் தன் எஞ்சினைக் காட்டினார். "சொல்லு. எனக்கு மட்டும் ஏன் போட்டே?"

"நீ மிதிப்பே. எனக்குத் தெரியும்." ஹோஷினா அழ ஆரம்பித்திருந்தான். "உனக்கு ஏதாவது ஆயிடக் கூடாதுன்னுதான்."

குரிஹாரா அவனை அடிப்பார் என்று நெல்சன் ஓர் அடி முன்னால் போனான். அடிக்கவில்லை. அவர் கவரைத் திரும்ப வைக்கவும் இல்லை. எஞ்சினைக் காற்றுக்கும் மண்ணுக்கும் அப்படியே திறந்து போட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போனார்.

இசாகி பின்னால் போனாள். "குரிஹாரா சான், ஒண்ணு கேளுங்க. எபிஹாராவை ஏமாத்தினது இமாய் போட்ட கையெழுத்து. படம் இருக்கு, தனுமா சாட்சி இருக்கா. புத்தகத்தை நம்பி மோசம் போனேன்னு நாலு மணிக்குச் சொன்னீங்கன்னா அதுல பொய் எதுவும் இல்ல. நீங்க தப்பிச்சிரலாம். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்க."

"முப்பத்தாறு ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கு," என்றார் அவர்.

தொலைபேசியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் அட்டைகள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார்.

"முராகாமியா? குரிஹாரா பேசறேன். வண்டி எங்க இருக்கு? ... வீட்டுலயா? நல்லது. சாவியை எடுத்து அம்மாகிட்ட குடு. ... இல்ல, ஓட்டிட்டு வராத. ஸ்டார்ட்டே பண்ணாத. நான் வந்து இழுத்துட்டுப் போறேன். ... தப்பு. என் கடையில பண்ண தப்பு."

அடுத்த அட்டை. அடுத்தது. ஒருவன் திட்டினான், கம்பியின் வழியே அந்தச் சத்தம் இசாகியின் நல்ல காதுவரை கேட்டது. ஒருவனின் மனைவி அழுதாள். தொழிற்சாலையில் இருந்தவர்களை ஷிஃப்டு மேஸ்திரி மூலம் கூப்பிட்டார். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: தப்பு, என் கடையில பண்ண தப்பு. ஹோஷினா வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

மூன்று நாற்பதுக்கு முப்பத்தைந்து அட்டை புரண்டிருந்தன. முப்பத்தாறாவது மாயெபாஷிக்காரன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை போட்டார். எடுக்கவில்லை.

குரிஹாரா எழுந்து கோட்டை மாட்டினார். அட்டையை மேசை விளிம்புக்குத் தள்ளினார். ஹோஷினா நின்ற பக்கம் பார்க்காமலே பேசினார்.

"எடுக்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு."

ஹோஷினா வந்து ரிசீவரை எடுத்தான்.

முற்றத்தில், குன்மா மாவட்டம் முழுக்க நம்பி மிதிக்கக்கூடிய ஒரே ரெய்ஜின் வாய் திறந்து நின்றது. குரிஹாரா அதைச் சுற்றிக்கொண்டு வந்து வேனின் பின்பக்கம், கருவிப் பெட்டிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார். நெல்சன் ஹீட்டரைப் பின்பக்கம் திருப்பிவிட்டான்.

"ஸ்டேஷன்ல என்ன சொல்லப்போறீங்க?" என்றாள் இசாகி.

"முப்பத்தேழு வண்டியும் என் கையெழுத்துல வெளிய போச்சுன்னு."

"ஹோஷினாவைப் பத்தி?"

வேன் இரண்டு விளக்குக் கம்பம் தாண்டியது.

"அவன் வேலை நல்ல வேலைன்னு முப்பத்தேழு பேர்கிட்ட அவனுக்காக நான் பேசியாச்சு," என்றார் குரிஹாரா. "இனிமே அவனே வந்து பேசட்டும்."